பேச்சியம்மாள் பானட்டில் போட்ட பூட்டு

பேச்சியம்மாள் இறந்துவிட்டார் என்ற செய்தி, நான் வேன் ஓட்டும் பள்ளிக்கூடத்தின் ஆபீஸ் போனுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. பேசியவர் மார்க்கெட்டில் சுமை இறக்கும் மாடசாமி. "பேச்சியக்கா காலையில போயிட்டா வே. மூச்சுத் திணறலு" என்றார். நான் உடனே நம்பவில்லை. யார் சொன்னது, யார் பார்த்தது என்று மாற்றி மாற்றிக் கேட்டேன். "அவ வீட்டுக்கு எதுத்தாப்ல உள்ள பூத்துல நின்னுதான் பேசுதேன். போதுமா?" என்று அவர் எரிந்து விழுந்த பிறகே ரிசீவரை வைத்தேன். அந்த அம்மாளிடம் மூன்று வருடம் வண்டி ஓட்டியவனுக்கு வேறு எந்தப் பழக்கம் வரும்?

நயினார்குளம் மார்க்கெட்டில் அவரை அறியாதவர்கள் இல்லை. ஸ்ரீவைகுண்டம் பக்கத்துத் தோட்டங்களில் வாழை இலையை மொத்தமாகப் பேசி, ஒரு பழைய பிக்கப் வண்டியில் ஏற்றித் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்தவர். 'சந்தேகப் பேச்சி' என்று அவருக்குப் பெயர் வைத்தது மார்க்கெட்டில் நாங்கள்தான். டீசல் டாங்கில் குச்சி விட்டுப் பார்ப்பார். இலைக் கட்டுகளை ஏற்றும்போது ஒரு தடவை எண்ணுவார், தார்ப்பாய் கட்டிய பின் அதை அவிழ்க்கச் சொல்லி மறுபடியும் எண்ணுவார். சிரித்தோமே தவிர, காரணத்தை எங்களில் யாரும் கேட்டதில்லை. கணவர் இறந்த மாதமே, அவரோடு கூட்டாகத் தொழில் செய்தவர்கள் தோட்டக் குத்தகை எல்லாவற்றையும் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள். அவருக்கு மிஞ்சியது அந்த வண்டி மட்டும்தான்.

அந்த வண்டியின் ஆக்ஸிலேட்டர் கேபிள் முதல்முறை அறுந்தது ஒரு முகூர்த்த நாளில். கருங்குளத்தைத் தாண்டியதும் பெடல் சட்டென்று தொளதொளவென ஆனது. எவ்வளவு மிதித்தாலும் இஞ்சின் முனகியதே தவிர வேகம் எடுக்கவில்லை. கேபிள் பழசு, அறுந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் பாளையங்கோட்டைக் கல்யாண வீட்டுக்கு நான் ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள், இன்னொரு இலை வியாபாரியான ஐயாத்துரை அண்ணாச்சியின் இலையில் பந்தி நடந்துகொண்டிருந்தது.

"நம்ம வண்டி நின்ன ஒடனே அவரு இல எப்படிலே அங்கன போய் நின்னுது?" என்று கேட்டார் பேச்சியம்மாள்.

மறுநாளே புதுக் கேபிள் போட்டோம். கூடவே பானட்டுக்கு ஒரு பூட்டும் வந்தது. பட்டறையில் சொல்லி ஓர் இரும்புப் பட்டையை உள்பக்கமாக இரண்டு போல்ட் போட்டு முடுக்கி, அதில் பூட்டைத் தொங்கவிட்டார். சாவி அவருடைய முந்தானையில். தினமும் காலையில் அவர் வந்து திறந்தால்தான் நான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற முடியும். பக்கத்திலேயே நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வண்டியோட்டத் தெரிந்த மனுஷனுக்கு அதைவிட அவமானம் இல்லை.

ஒன்றரை மாதத்தில் புதுக் கேபிளும் அறுந்தது. அதுவும் முகூர்த்த நாள். பூட்டு அப்படியே இருக்க உள்ளே கேபிள் அறுகிறது என்றால், பெடல் பக்கமிருந்து டிரைவர்தான் கை வைக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மார்க்கெட்டில் கடை கடையாகச் சொன்னார். டிரைவர் செல்லையா, ஐயாத்துரையோடு சேர்ந்துகொண்டு வண்டியை நிறுத்துகிறான் என்று. டீக்கடையில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுபோகும்.

எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. சாவி அவரிடம். அவருடைய தம்பி அப்போதுதான் லைசென்ஸ் எடுத்திருந்தான். என்னை விரட்டிவிட்டுத் தம்பியை உட்கார வைக்க அவரே அறுக்கிறார் என்று முடிவு கட்டினேன். மறுபடியும் கேபிள் மாற்றி, நாங்கள் ஒரே வண்டியில், ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டினோம்.

அடுத்த பெரிய முகூர்த்தத்துக்கு அவரே வண்டியில் ஏறிக்கொண்டார். என் பக்கத்தில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்க்காமல் என் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தார். வண்டி நிறைய பாரம். செய்துங்கநல்லூருக்கு முன்னால் பெடலை அடிவரை மிதித்தேன். அவர் கண் முன்னாலேயே கேபிள் அறுந்தது.

வண்டியை ஓரம் கட்டினேன். "நீ பத்தடி தள்ளி நில்லு" என்றார். நின்றேன். பூட்டைத் திறந்து, பானட்டுக்குள் தலையை விட்டுக் கையால் கேபிளைத் தடவிக்கொண்டே போனார். பிறகு, "லே செல்லையா, இங்கன வா" என்றார். அவருடைய ஆள்காட்டி விரலில் ரத்தம் கசிந்தது.

கேபிள் இஞ்சின் பக்கமிருந்து தகரத்தில் உள்ள ஒரு துளை வழியாகப் பெடலுக்குப் போகும். பூட்டுக்காகப் போட்ட இரும்புப் பட்டை கேபிளை ஒதுக்கி, அந்தத் துளையின் கூரான விளிம்போடு சேர்த்து நெருக்கிக்கொண்டிருந்தது. மேலுறை தேய்ந்து, உள்கம்பி இழை இழையாக அறுந்து கிடந்தது. முகூர்த்த நாளில்தான் பாரமும் அவசரமும். அன்றைக்குத்தான் நான் அடிவரை மிதிப்பேன். மிச்சமிருக்கும் இழைகளும் அன்றைக்கு அறும்.

"இந்தப் பட்டைய யாரு போடச் சொன்னா?" என்று கேட்டார்.

"நீங்கதாங்க்கா."

அவர் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார். பட்டறைக்காரன் மேல் பழியைப் போடுவார் என்று காத்திருந்தேன். போடவில்லை. "வயரு எங்க கெடைக்கும்? போய் வாங்கிட்டு வா" என்றார்.

செய்துங்கநல்லூரில் ஒரு ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் நீளமான கிளட்ச் வயரும் சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டும் வாங்கி வந்தேன். அதற்குள் அவர் பட்டையைக் கழற்றி இலைக் கட்டுகளின் மேல் எறிந்திருந்தார். டியூப்பை நறுக்கித் துளையின் விளிம்பில் பொருத்தினோம். கிரீஸ் தடவிய வயரை நான் பெடல் பக்கமிருந்து தள்ள, அவர் இஞ்சின் பக்கம் பிடித்து இழுத்தார். "பைய தள்ளுலே, மடங்குது" என்றார். முனையை ஸ்குரூ வைத்து இறுக்கும்போது அவரையே பெடலில் கால் வைக்கச் சொன்னேன். மிதித்தார், இஞ்சின் சீறியது. காலை எடுத்தார், அடங்கியது. மூன்று முறை மிதித்துப் பார்த்த பிறகே இறங்கினார்.

இலை கல்யாண வீட்டில் இரண்டாம் பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தது. மீதி லோடோடு மார்க்கெட்டுக்கு வந்ததும் என்னைக் கூடவே நடக்கச் சொன்னார். முதல் கடையில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "இவன் அறுக்கான்னு ஒங்ககிட்ட சொன்னம்லா? இவன் அறுக்கல. நான் போட்ட பூட்டுதான் அறுத்திருக்கு." அடுத்த கடையிலும் அதே வார்த்தை. அதற்கடுத்ததிலும். என்னால் தாங்க முடியவில்லை. "போதும்க்கா" என்றேன்.

"பழி சொல்லுதப்ப போதும்னு நான் நிறுத்தலயே" என்று சொல்லிவிட்டு நடந்தார். கடைசியாக ஐயாத்துரை அண்ணாச்சியின் கடை. அவர் வாய்விட்டுச் சிரித்தார். பேச்சியம்மாள் முகம் மாறவில்லை. "சிரிங்க அண்ணாச்சி. சிரிச்சு முடிச்சதும், இவன் அறுக்கலன்னு நீங்களும் நாலு பேருகிட்ட சொல்லுங்க."

மறுநாள் காலையில் தார்ப்பாயை அவிழ்க்கச் சொல்லி மறுபடியும் கட்டுகளை எண்ணினார். அந்தக் குணம் கடைசிவரை மாறவில்லை. ஆனால் பானட்டுக்குப் பூட்டு போடவில்லை.

அவர் தன் சந்தேகத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார். நான் எடுத்துக்கொள்ளவில்லை. தம்பிக்காக அவரே அறுக்கிறார் என்று நான் மூன்று பேரிடம் சொல்லியிருந்தேன். மாடசாமி, டீக்கடைக்காரர், என் மாமனார். அது தப்பு என்று அவர்களிடமும் சொன்னதில்லை, பேச்சியம்மாளிடமும் சொன்னதில்லை. வேலையை விட்டு வந்த நாளில் சொல்ல வாயெடுத்து, வேறு எதையோ பேசிவிட்டு வந்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அன்று கடை கடையாக நடந்த அந்த நடை ஒன்றைத்தான். அவரை எரித்துவிட்டுத் திரும்பும் வழியில் மாடசாமியிடம் சொல்லிவிட்டேன். டீக்கடைக்காரரிடம் நேற்றுச் சொன்னேன். மாமனார் அம்பாசமுத்திரத்தில் இருக்கிறார், காது சரியாகக் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை போய் உரக்கச் சொல்ல வேண்டும்.