சொலேனின் பச்சை அக்கார்டியன்

சொலேன் லெ கோஃப் பதினோரு ஆண்டுகளில் பத்தொன்பது படங்களில் நடித்தவள். ஒன்றிலும் வாய் திறந்ததில்லை. இரண்டு முறை பிணம். பல முறை அடுத்த மேசையில் காபி குடிக்கிறவள். ஒரு முறை, கதாநாயகிக்குப் பதிலாகப் பியானோ வாசித்த இரண்டு கைகள். அந்தப் படத்தை நாந்த் நகரத் திரையரங்கில் பார்த்த அவள் அக்கா மரீவோன், பக்கத்து இருக்கைக்காரரை உலுக்கி, "அந்தக் கட்டைவிரல் எங்க வீட்டுப் பொண்ணோடது" என்றாள்.

படம் இல்லாத நாட்களில் கல்யாணங்களில் அக்கார்டியன் வாசித்தாள். அதனால்தான் இருபதாவது படத்தில் வசனம் கிடைத்தது. மதுக்கடையில் அக்கார்டியன் வாசிக்கும் பெண். நாயகன் ஜோடி நடனத்துக்கான வால்ஸ் ஒன்று கேட்பான். "நீங்க ஆடுவீங்கன்னா வாசிக்கிறேன்" என்று அவள் சொல்ல வேண்டும். ஒரே வரிதான். குளியலறையில் அதை நூறு விதமாகச் சொல்லிப் பார்த்தாள்.

படப்பிடிப்பில் பெட்டியைத் திறந்ததும் இயக்குநர் வாஸ்ஸெர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அக்கார்டியன் பச்சை. அவர் நாடகத்திலிருந்து வந்தவர். அங்கே மேடைக்காரர்களுக்குப் பச்சை நிறம் ஆகாது, அபசகுனம். சினிமாவில் யார் அதையெல்லாம் பார்ப்பார்கள் என்று சொலேன் நினைத்திருந்தாள்.

"ஏம்மா, என்னைக் கொல்லவா வந்த?"

"ஒரு பொட்டிதானே, சார்."

"பச்சை சட்டை போட்டு என் முதல் நாடகம் மூணே நாள்ல படுத்துடுச்சு."

"நாடகம் நல்லா இருந்துச்சா?" என்றாள் உடை பார்க்கும் ஜிஸ்லேன்.

"நீ சும்மா இரு."

வேறு அக்கார்டியன் கிடைக்காவிட்டால் காட்சியையே வெட்டிவிடுவதாகச் சொன்னார். ஜிஸ்லேன் சிவப்பு ஒட்டுநாடாவைக் கொண்டுவந்து வெளிப்பக்கம் முழுக்கச் சுற்றினாள். ஆனால் வாசிக்க நடுவிலிருக்கும் காற்றுத் துருத்தியை இழுத்தால் ஒவ்வொரு மடிப்பிலிருந்தும் பச்சை எட்டிப் பார்த்தது.

"அப்போ இழுக்கவே மாட்டேன்," என்றாள் சொலேன்.

"இழுக்காம எப்படிம்மா வாசிப்ப?"

"வாசிக்கல. பாடுறேன்."

அவர் மறுப்பதற்குள் மூடிய அக்கார்டியனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாயகன் வால்ஸ் கேட்டான். தன் வரியில் 'வாசிக்கிறேன்' என்பதை 'பாடுறேன்' என்று மாற்றிச் சொன்னாள். பிறகு துருத்தியில் தாளம் தட்டியபடி, கல்யாண வீடுகளில் கடைசியாகப் பாடும் வால்ஸைக் கரகரத்த குரலில் பாடினாள். நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நாயகன் தன் காலையே மிதித்துக்கொண்டு ஆடினான்.

"இந்தக் குரலை இத்தனை வருஷம் எங்க வச்சிருந்த?" என்றார் வாஸ்ஸெர்.

"யாரும் கேக்கல, சார்."

படத்தில் காட்சி வெட்டில்லாமல் வந்தது. மரீவோன் இம்முறை யாரையும் உலுக்கவில்லை. முன்வரிசைக்காரர்தான் திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் அழாம இருங்கம்மா, பாட்டு கேக்கல" என்றார்.