நார்மல் அண்ணனின் குழாய்

குடுவையை அடுப்பிலிருந்து இறக்காமலே அண்ணன் குனிந்து அதனுடன் பேசுவார். "சிவந்துடு கண்ணு, அடம் பிடிக்காதே." வெளிர்மஞ்சளாக இருந்த தங்கக் கரைசல் முதலில் கறுக்கும், பிறகு மாதுளைச் சாறு போலச் சிவக்கும். கண்ணுக்கே தெரியாத துகளாகிவிட்டால் தங்கம் சிவப்புதான். "நகைக்கடைக்காரனுக்கே தெரியாத சங்கதி," என்பார். அவர் மனைவிக்கு அதில் ஆத்திரம். "இத்தனை வருஷமா தங்கத்தோட குப்பை கொட்டறாரு, என் காதுக்கு ஒரு பொட்டு வந்ததில்ல!"

ஆய்வகத்தில் அவருக்குப் பெயர் நார்மல் அண்ணன். மறதி நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இரத்தத்தில் தலைகாட்டும் ஒரு புரதத்தைத் தேடுவது எங்கள் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் இரத்தம் வேண்டும். பதினோரு வருடமாக அந்த 'நார்மல்' இரத்தம் அவருடையது. திங்கட்கிழமைதோறும் சீட்டியடித்துக்கொண்டே தன் கையில் தானே ஊசி குத்திக்கொள்வார். அறிக்கைகளைத் தட்டச்சு செய்யும் எனக்கு அந்தச் சீட்டி கேட்டால்தான் வாரம் தொடங்கும்.

ஞாபகம் என்றால் அப்படியொரு ஞாபகம். "போன மழைக்கு நீங்க தொலைச்ச குடை மாடிப்படி ஆணியில தொங்குதும்மா," என்பார். போய்ப் பார்த்தால் தொங்கும்.

பழைய சோதனைக்கு இரண்டு நாள் ஆகும். புரதம் ஏராளமாக இருந்தால்தான் அதன் கண்ணில் படும். புதிய சோதனையில், துளி புரதம் இருந்தாலும் தங்கத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இருபதே நிமிடத்தில் சிவப்பு நீலமாகிவிடும். அதைத் தொடங்கிய முதல் திங்களன்று நார்மல் குழாய் நீலமானது. தங்கம் கெட்டுவிட்டது என்று கொட்டினோம். அடுத்த வாரமும் நீலம். மறுபடி கொட்டினோம். மூன்றாம் முறை, "சனியன், என் கை சரியில்ல," என்று அவரே சிரித்தார். நாங்களும் சிரித்தோம். புத்தி கெட்ட ஜென்மங்கள்! அவர் இரத்தத்தைச் சந்தேகிக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான்காம் திங்களன்று சீட்டி கேட்கவில்லை. எல்லோரும் சாப்பிடப் போனபிறகு என் மேசைக்கு வந்து நின்றார்.

"கையைக் கொஞ்சம் நீட்டுங்கம்மா."

"எதுக்குண்ணே?"

"உங்களுதும் நீலமாச்சுன்னா தங்கத்து மேலதான் தப்பு. ஆகலைன்னா..."

ஒன்றில் தன் இரத்தமும் மற்றதில் என் இரத்தமுமாக இரண்டு குழாய்களை அருகருகே நிறுத்தினார். குளிர்பெட்டியின் முனகலைத் தவிர அந்த அறையில் சத்தமே இல்லை. ஆறாம் நிமிடமே அவருடையது ஊதாவாகியது. யாரும் தொடவில்லை, அசைக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் வந்துவிட்டது. பதினோரு வருடமாக இவரோடு ஒப்பிட்டு எத்தனை பேருக்கு 'ஒன்றுமில்லை' என்று தட்டச்சு செய்திருப்பேன்!

நீலமாகித் தொலையேன் என்று என் இரத்தத்திடமே கெஞ்சினேன். இப்படி வேண்டிக்கொண்ட பைத்தியக்காரி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என் குழாயையே பார்த்தார்.

இருபது நிமிடம் முடிந்தது. என்னுடையது சிவப்பாகவே நின்றது.

"நல்லாயிருக்கீங்கம்மா," என்றார். என் முழங்கை மடிப்பில் பஞ்சை வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். இரத்தம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. அவர் விரலை எடுக்கவில்லை.