நாட்டுச் சீட்டு உபதேசியார்

கொட்டகலைப் பக்கம் எங்க தேயிலைத் தோட்டத்துல வேதக்காரக் குடும்பம் நாலு. அந்த நாலுக்கும் ஒரு உபதேசியார் வருவாரு. நெட்டையான ஆளு. வெள்ளை வேட்டியில முழங்கால் படுற எடம் மட்டும் மண்ணேறிச் செவந்து கெடக்கும்.

முஸ்லிம் ஆளுங்க நோம்பு மாசம் வந்தா, அவங்களுக்காகத் தினமும் சாயங்காலம் நாங்க குடியிருக்குற லயத்துல ஜெபம் வைப்பாரு. ஒரு சீட்ட வச்சு ஒவ்வொரு முஸ்லிம் நாட்டுப் பேரா வாசிப்பாரு. எங்களுக்கே இலங்கையா இந்தியாவா, எந்த நாடுன்னு தெரியாத காலம் அது. கொழுந்து பறிச்ச அலுப்புல ரெண்டாவது நாட்டுலயே தூங்கிருவோம்.

"ஐயா, அந்த நாட்டுக்காரங்க ஒருத்தரையாவது பாத்திருக்கீங்களா?"ன்னு கேட்டேன்.

"பாக்கணுமா தாயி? ஜெபம் போய்ச் சேந்துரும்."

ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம், துணி விக்கிற முஸ்லிம் அண்ணன் மூட்டையோட மூச்சு வாங்க மேட்டேறி வந்தாரு. அவர நாங்க நானான்னுதான் கூப்புடுவோம். உபதேசியார் ஓடிப்போய் மூட்டைய எறக்கி, "குடிங்க நானா"ன்னு தேத்தண்ணிய நீட்டுனாரு.

"நான் நோம்புங்க ஐயா."

"இருவது நாளா ஜெபம் பண்ணுறவருக்கு இது ஞாபகமில்லையே!"ன்னேன் நான். மனுசன் சிரிக்கல. மொகம் செத்துப்போச்சு.

அன்னிக்கு ஜெபத்துல சீட்ட எடுக்கல. "ஆண்டவரே, அந்த நானா மூட்டை ரொம்பக் கனம். கொஞ்சம் கொறைச்சுக் குடும்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. நாங்க யாரும் தூங்கல.

அடுத்த வாரம் அந்த மூட்டையிலருந்து தேவையே இல்லாம ரெண்டு சேலை வாங்கிட்டேன். கனத்தக் கொறைச்சது ஆண்டவரா, நானா?