ஃபலேசிக்கு ஒரு தாய்மாமன்

டெட்சா மலையடிவாரத்தில் லாரியை விட்டு இறங்கி, "பிள்ளைங்க வளர்ற வீடு எது?" என்று கேட்டால் ஆடு மேய்ப்பவன்கூடக் கைகாட்டுவான். அந்த வீட்டை நடத்துகிற எலுபி, ஆஸ்பத்திரியில் தரை துடைத்துக்கொண்டிருந்தவள். பிரசவத்தில் தாய் போய்விட, கேட்பாரற்றுக் கிடந்த குழந்தையை, சொந்தக்காரர் வரும்வரை என்று முதுகில் கட்டி வீட்டுக்குத் தூக்கி வந்தாள். சொந்தக்காரர் என்று யாரும் வரவில்லை. அந்தக் குழந்தைதான் ஃபலேசி. அவளுக்குப் பின்னால் மற்றப் பிள்ளைகள் வந்தார்கள். வீடு நீண்டது, களிப்பானை பெருத்தது. மழை பொய்த்த வருஷங்களில் எலுபி வாசல் வாசலாகப் போய் சோளமாவு கேட்டிருக்கிறாள். பிள்ளைகளுக்காகக் கேட்பதில் அவளுக்குக் கூச்சம் கிடையாது.

இப்போது அவளுக்கு வேண்டியிருந்தது மாவு இல்லை. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஒரு தச்சன் ஃபலேசியை விரும்பினான். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டார் முறைப்படி சேவலோடு பெண் கேட்டு வருகிறார்கள். பெண்ணுக்காகப் பேச ஒரு தாய்மாமன் வேண்டும். மாமன் இல்லாத பெண்ணை அங்கே யாரும் எடுப்பதில்லை. அவன் ஒருநாள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறவனும் அல்ல. புருஷன் கை நீட்டினால் வழக்கு அவனிடம்தான் வரும். அவள் கண்ணை மூடினால் குழிவெட்ட ஆள் சொல்பவனும் அவன்தான்.

எலுபி ஊர்த்தலைவரிடம் போனாள்.

"தாய்மாமன் என்ன மண்வெட்டியா தாயி, இரவல் குடுத்துட்டுத் திருப்பி வாங்கிக்க?"

"அப்ப நீங்களே உக்காருங்க."

"என் சொந்தத் தங்கச்சி மகளுங்க பஞ்சாயத்துக்கே எனக்கு ஆயுசு பத்தல."

அவள் திரும்பி வந்தபோது ஃபலேசி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "விடும்மா. வரவேணாம்னு சொல்லிடலாம்" என்றாள், தலை நிமிராமல். எலுபி முறத்தை எடுத்து விருந்துக்குச் சோளம் புடைக்க உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முற்றம் நிறைந்துவிட்டது. மாப்பிள்ளையின் மாமன் கோட்டு போட்டு வந்திருந்தார். சேவலை மடியில் வைத்துக்கொண்டு முறைப்படி ஆரம்பித்தார்.

"எங்க சேவல் இந்தப் பக்கம் ஒரு பெட்டையப் பாத்துட்டு வந்து இரை எடுக்க மாட்டேங்குது. பெட்டைக்கு உரியவங்க யாரு?"

எலுபி எழுந்தாள். "நான்தான்..."

"நீங்க அம்மா. உங்களுக்குக் கும்பிடு. நாங்க தேடறது மாமனை."

பாயில் தலைகுனிந்திருந்த ஃபலேசி முகத்தின் மேல் துணியை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"உரியவன் இங்க இருக்கேன்."

பின்னாலிருந்து எழுந்தவர் சிம்பேனி, பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய ஆடுகளுக்கும் எலுபியின் சோளக்கொல்லைக்கும் தீராத வழக்கு. கூட்டம் சிரித்தது.

"நீயா? போன வாரம்கூட ஃபலேசி உன் கிடாவைக் கட்டிவச்சிட்டு உன்னைத் திருடன்னாளே" என்றாள் ஒருத்தி.

"அதத்தான் நானும் சொல்றேன். நடக்கத் தெரிஞ்ச நாள்லேருந்து எங்கிட்ட மல்லுக்கு நிக்கறா. வழிப்போக்கன்கிட்ட இப்படி யாராவது சண்டை போடுவாங்களா?" சிம்பேனி முன்னால் வந்து தரையில் அமர்ந்தார். குரல் தணிந்தது. "இவ அழுதுகிட்டு வந்தா எங்க வாசலுக்கு வரட்டும். இவளுக்கு நான் பொறுப்பு."

அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை.

"இவருக்கு வாய் ஜாஸ்தி, காது கம்மி. கேக்கறதுக்கு நான் உக்கார்றேன்" என்று மாவுமில்காரர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். "மலேரியா கண்டப்ப இவளச் சைக்கிள்ல வச்சு மேடு ஏத்தி ஆஸ்பத்திரி சேத்தவன் நான்" என்று கொத்தனார் இன்னொரு பக்கம் அமர்ந்தார். கடைசியில் ஊர்த்தலைவரே முக்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். "நகருங்கப்பா. பத்தாத ஆயுசுதானே, போனாப் போகுது."

கோட்டுக்காரர் மிரண்டுபோனார். "ஒரு மாமனைத்தான் கேட்டோம். இதென்ன, படையா?"

"காவலுக்கு ஆள் வேணும்ல" என்றார் சிம்பேனி. "உங்க பையனுக்கு."

துணிக்குள் ஃபலேசியின் தோள்கள் குலுங்கின. அழுகையா சிரிப்பா என்று எலுபிக்குத் தெரியவில்லை. வாசலில் நின்று அவள் மாவு கேட்ட ஆட்கள்தான் இத்தனை பேரும். இதைத் தலைவரைத் தவிர யாரிடமும் அவள் கேட்கவே இல்லை. மலை ஒன்று எழுந்து தன் முற்றத்துக்குள் வந்து உட்கார்ந்ததுபோல அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முறைப்படி அவர்கள் சேவலும் எலுபி வளர்த்த பெட்டைக்கோழியும் கைமாறின. களி வந்தது. கை கழுவத் தண்ணீர் ஊற்ற வேண்டும், மூத்த மாமனுக்கு முதலில். மூத்தவர் யார் என்று நால்வருக்கும் அதற்குள் தகராறு. எலுபி செம்போடு நின்றாள்.

"ஊத்து, தங்கச்சி" என்றார் சிம்பேனி.

பெண்ணுக்கு மாமன் என்றால் தாய்க்கு அண்ணன். அந்த முறை அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நான்கு ஜோடிக் கைகள் ஒரே நேரத்தில் அவள் முன்னால் நீண்டன. செம்பைச் சாய்த்தாள். யார் கையில் விழுந்ததென்று அவள் பார்க்கவில்லை.