மாவுக்கட்டுப் பெயின்டரும் இரண்டு சமையல்காரிகளும்

ஆறு மாடிக் கட்டிடத்தின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கிக்கொண்டு, வாயில் பாட்டும் கையில் ரோலருமாக வேலை பார்த்த மனிதர் அவர். இருபது வருடத்தில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. அப்படிப்பட்டவர், சொந்த வீட்டில் ஒட்டடை அடிக்கிறேன் என்று முழ உயர முக்காலியில் ஏறி, இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றி விழுந்தார். இரண்டு மணிக்கட்டும் போயிற்று. விரல் நுனி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி முழங்கைவரை மாவுக்கட்டுப் போட்டு, "ஆறு வாரம் அசைக்கக் கூடாது" என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, "எத்தனாவது மாடி?" என்பதைத்தான். முக்காலி என்று சொல்ல அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. எட்டு வயதில் ஒரு பெண், ஐந்து வயதில் ஒரு பெண். மூத்தவளுக்கு அவர் வைத்த பெயர் மேஸ்திரி, ஏனென்றால் அவள் பேசினாலே யாரையோ வேலை வாங்குகிற மாதிரி இருக்கும். சின்னவள் வாண்டு. மனைவி மூன்று வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சலில் போய்விட்டார். அன்றிலிருந்து அடுப்பு, துணி, தலைவாரல் எல்லாம் பெயின்டர்தான். நல்லாவே செய்வார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அடுப்படிக்குள் பிள்ளைகள் தலையை நீட்டினால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "ஓடு, ஓடு, காலுக்குள்ள வராதே!" என்று விரட்டிவிட்டு, கால் மணி நேரத்தில் தாமே முடித்துவிட்டு வெளியே வருவார்.

இப்போது அந்தக் கை இல்லை. பள்ளிக்கூடமோ நீண்ட விடுமுறை. கீழ்வீட்டுத் தையல்காரர் காலையிலும் மாலையிலும் வந்து சட்டை பேன்ட் மாட்டிவிட்டுப் போவார். அதற்கு மேல் அவரிடம் எதையும் கேட்கப் பெயின்டருக்கு வாய் வரவில்லை. முதல் பத்து நாள் கடை ரொட்டி, பிஸ்கட், பொட்டலச் சாப்பாடு என்று ஓடியது. பதினோராம் நாள் வாண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள்.

செய்தி எப்படித்தான் போகுமோ, மறுநாளே பெரியம்மா வந்து நின்றார். இறந்துபோன மனைவியின் அக்கா. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நர்ஸ். அதனால் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் அவரை ஊசிப் பெரியம்மா என்றுதான் சொல்லும். வந்ததும் வாண்டுவின் கண் ரப்பையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், மூலையில் குவிந்திருந்த பிஸ்கட் உறைகளைப் பார்த்தார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. கட்டுப் பிரிக்கிற வரைக்கும் இதுங்க ரெண்டும் எங்கிட்ட இருக்கட்டும்."

"வேணாம்க்கா. நான் பார்த்துக்கறேன்."

"எப்படிப் பார்த்துப்பீங்க? உங்களுக்கே ஒருத்தர் ஊட்டிவிடணும்!"

அந்த வார்த்தை அவருக்குச் சுருக்கென்று தைத்தது. உண்மைதானே, மேஸ்திரிதான் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஆனாலும் அவர் பிடி கொடுக்கவில்லை. பெரியம்மா கெட்டவர் இல்லை, அது அவருக்குத் தெரியும். அவருடைய பயம் வேறு. அங்கே பெரிய வீடு, தனி அறை, பக்கத்திலேயே நல்ல பள்ளிக்கூடம். மனைவி போன புதிதிலேயே ஒருமுறை கேட்டுப் பார்த்தவர்தான் பெரியம்மா. இப்போது அனுப்பினால் பிள்ளைகள் அந்த வசதியில் ஒட்டிக்கொண்டு அப்படியே அங்கே தங்கிவிட்டால்?

கடைசியில் பெரியம்மா ஒரு கெடு வைத்தார். "சரி. ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை மத்தியானம் வருவேன். வீட்ல சமைச்ச சாப்பாட்ட இதுங்க ஒழுங்கா சாப்பிட்டிருக்கணும். இல்லேன்னா நான் உங்களைக் கேக்கவே மாட்டேன், பையோட கிளம்பிடுவோம்."

அன்று சாயங்காலமே பெயின்டர் அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கேஸ் அடுப்பைத் தொடவே கூடாது, மின்சாரக் குக்கர் மட்டும்தான், அதன் சுவிட்சையும் அவர்தான் முழங்கையால் தட்டுவார் என்று சட்டம் போட்டார். வெண்ணெய் தடவுகிற மொட்டைக் கத்தி தவிர வேறு கத்தி கூடாது. மூடி சில்லென்று ஆறினால்தான் திறக்க வேண்டும். பரங்கிக்காயைக் கடைக்காரரே தோல் சீவித் துண்டு போட்டுக் கொடுத்தார். பரங்கி, கேரட், ஒரு வெங்காயம், மூழ்கத் தண்ணீர். வேகவைத்து, ஆறவைத்து, மத்தால் மசித்தால் சூப். குழந்தையும் செய்யலாம் என்பார்களே, அப்படி ஒரு சமையல். குழந்தை செய்தபோதுதான் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தது.

"உப்பு கொஞ்சம் போடு," என்றார்.

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்னா கொஞ்சம்தான். நான் போடுவேன்ல, அந்த மாதிரி."

"நீங்க போடுறத நாங்க எங்க பார்த்தோம்?" என்றாள் மேஸ்திரி. "எங்களத்தான் உள்ளயே விட மாட்டீங்களே."

பெயின்டருக்குக் கைக்குத் தெரிந்தது எதுவும் வாய்க்கு வரவில்லை. "தளதளன்னு இருக்கணும்" என்பார், "அப்படின்னா?" என்பாள் அவள். "பதமா" என்பார், "அது என்ன?" என்பாள் வாண்டு. முதல் நாள் சூப் குளத்துத் தண்ணீர் மாதிரி இருந்தது. நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னடி இது, இப்படி வெளுத்துக் கிடக்கு!" என்று கத்தினார். கத்தியது தப்புதான். வாண்டுவின் உதடு துடித்தது. மேஸ்திரி அழவில்லை. உள்ளே போய் அவருடைய வேலைப் பையிலிருந்து ஷேடு கார்டை எடுத்து வந்து முன்னால் விரித்தாள். பெயின்ட் கம்பெனிக்காரர்கள் தருவார்களே, கட்டம் கட்டமாக நிறமும் அடியில் எண்ணும் போட்ட அட்டை, அதுதான்.

"எந்தக் கலர்ல வரணும்? நம்பர் சொல்லுங்க."

பெயின்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இது அவர் ஏரியா! குனிந்து, மூக்கு நுனியால் கட்டங்களைத் தடவித் தடவிப் பார்த்து, "நூத்திப் பன்னெண்டு," என்றார். "அதுக்கு மேல வெளுத்தா தண்ணி ஜாஸ்தின்னு அர்த்தம். இன்னும் நாலு துண்டு கேரட் போட்டு வேகவை."

அவ்வளவுதான், அந்த வீட்டுச் சமையல் பாதைக்கு வந்தது. பீன்ஸைக் கையாலேயே ஒடித்து வேகவைப்பார்கள். இருநூற்றுப் பதினான்கில் இறக்கினால் நறுக்கென்று இருக்கும், இருநூற்றுப் பதினெட்டுக்குப் போய்விட்டால் சத்தும் போச்சு, ருசியும் போச்சு. உருளைக்கிழங்கு நடுவில் எட்டாம் நம்பராக இருந்தால் பச்சை, பதினொன்றாக இருந்தால் வெந்தது. உப்புக்கு மட்டும் நம்பர் இல்லை. அதற்கு வாண்டுவின் நாக்குதான். ஆறின கரண்டியை நக்கிவிட்டு, "பத்தல" என்பாள், இல்லையென்றால் கண்ணை மூடித் தலையாட்டுவாள். தான் உப்புப் பார்த்த சூப்பை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கே மனசு வரவில்லை, இரண்டு கிண்ணம் குடித்தாள். முட்டை உரிக்கும் வேலையும் அவளுடையதுதான். ஓட்டோடு பாதி முட்டையும் போய்விடும், மிச்சத்தை மூன்று பேரும் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

கெடு வைத்த ஞாயிறும் வந்தது. பரங்கி சூப், பீன்ஸ், வேகவைத்த உருளைக்கிழங்கு, முட்டை என்று காலையிலேயே எல்லாம் தயார். மேஸ்திரி தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். படியில் பெரியம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் பெயின்டர் வாசலுக்கு ஓடினார். பெரியம்மாவின் தோளில் பெரிய பை ஒன்று காலியாகத் தொங்கியது. அதைப் பார்த்ததும் இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இந்த நேரத்தில்தான் வாண்டு அட்டையை எடுத்துச் சூப்புக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். அன்றைக்கென்று பரங்கி பிஞ்சாக அமைந்துவிட்டது. சூப் நூற்று நான்கில் நின்றுவிட்டது. நிறம் வரவில்லை என்றால் அப்பா என்ன செய்வார்? ஸ்டெய்னர் என்கிற சாயப் பாட்டிலைத் திறந்து பெயின்ட் வாளியில் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குவார். எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள், அலமாரியில் நல்ல சிவப்பாக இருந்த டப்பாவை எடுத்தாள், ஒரு கரண்டி போட்டாள், கலக்கினாள், அட்டையைப் பிடித்தாள். இன்னொரு கரண்டி. இன்னும் ஒன்று. நூற்றுப் பன்னிரண்டு அச்சு அசலாக வந்தது.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். பெரியம்மா கிண்ணத்தைப் பார்த்து, "நிறம் நல்லாத்தான் இருக்கு," என்று ஒரு பெரிய கரண்டியாக வாயில் விட்டார். அடுத்த நொடி முகம் சிவந்தது, கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது, இருமல் நிற்கவே இல்லை. பெயின்டர் பதறிப்போய்த் தம் கிண்ணத்தில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். காது வழியாகப் புகை வராததுதான் பாக்கி.

"யாருடி மிளகாய்த் தூள் போட்டது?"

"கலர் வரலப்பா," என்றாள் வாண்டு. "நான் ஸ்டெய்னர் போட்டேன்."

பெரியம்மா தண்ணீரைக் குடித்து முடித்து, மூச்சு வாங்கி, பையை எடுத்து மடியில் வைத்தார். "தம்பி, நான் அன்னைக்கே சொன்னேன்." எல்லாம் போச்சு என்று நினைத்தார் பெயின்டர்.

மேஸ்திரி எழுந்தாள். சூப்புப் பாத்திரத்தை மேசை நடுவில் நகர்த்தினாள். "ஜாஸ்தியா ஏறிடுச்சு, அவ்வளவுதானே? வெள்ளை கலந்தா இறங்கும்." பாலை எடுத்து ஊற்றினாள். உருளைக்கிழங்குத் தட்டைப் பெரியம்மாவின் முன்னால் தள்ளினாள். "பெரியம்மா, சும்மா உக்காந்திருக்காதீங்க. இத மசிங்க. கட்டி இருக்கக் கூடாது."

வார்டையே ஒரு பார்வையில் அடக்குகிற பெரியம்மா பையைக் கீழே வைத்துவிட்டு மத்தைப் பிடித்தார். மசித்து மசித்துப் போட, மேஸ்திரி கலக்க, வாண்டு நக்கிப் பார்க்க, மூன்றாவது தடவை காரம் அடங்கியது. "உப்பு பத்தல," என்றாள் வாண்டு. போட்டார்கள். பெரியம்மா இரண்டு கிண்ணம் குடித்தார். பிள்ளைகள் பீன்ஸை ஒன்றுவிடாமல் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாண்டுவின் கண் ரப்பையை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"இங்கயே இருக்கட்டும் தம்பி," என்றார் கடைசியில். "மிளகாய் டப்பாவ மட்டும் எட்டாத இடத்துல வைங்க."

பெயின்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, சின்னப் பிள்ளை மாதிரி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பெரியம்மா காலிப் பையை மடித்துக்கொண்டு எழுந்தார். அப்போது மேஸ்திரி மெதுவாக, "அப்பா, நான் பெரியம்மாகூடப் போகட்டுமா?" என்றாள்.

சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"எனக்கு ரெண்டு நாள் லீவு வேணும்ப்பா. செவ்வாக்கிழமை சாயந்தரம் வந்துடுறேன்."

ஜெயித்த கையோடு தோற்ற மாதிரி இருந்தது அவருக்கு. போகாதே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் கையைப் பார்த்தார். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரலெல்லாம் சுருங்கியிருந்தது. எட்டு வயசு. இவ்வளவு நாளாக அதைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே என்று தம்மேலேயே அவருக்கு ஆத்திரம் வந்தது.

"போய்ட்டு வா கண்ணு," என்றார்.

திங்கட்கிழமை வீடு வெறிச்சென்று இருந்தது. வாண்டு ஊட்டியதில் பாதி சட்டைக்குப் போனது. மத்தியானம் முழுக்க பெயின்டர் ஒரே வேலையாக உட்கார்ந்து, மாவுக்கட்டுக்கும் விரலுக்கும் நடுவில் கரண்டிக் காம்பைச் செருகிப் பழகினார். பத்துத் தடவை கீழே விழுந்தது. பதினோராவது தடவை சோறு வாய்க்கு வந்தது. செவ்வாய்க்கிழமை அவரே வாண்டுவை வைத்துச் சமைத்தார், முழங்கையால் தள்ளி, வாயால் கவரைப் பிரித்து, கன்னத்தால் மூடியைத் தொட்டு ஆறிவிட்டதா என்று பார்த்து.

ஐந்து மணிக்கு ஜன்னலில் நின்றார். ஆறாயிற்று. இரண்டு பஸ் வந்தது, அவள் இறங்கவில்லை. ஆறரைக்கு வாண்டு, "அக்கா அங்கயே இருந்துடுவாளாப்பா?" என்று கேட்டாள். "வாய மூடு," என்று எரிந்து விழுந்தார். அப்புறம், "வருவாடா," என்றார். தமக்கே அந்தக் குரலில் நம்பிக்கை இல்லை.

ஏழு மணிக்குப் படியில் தடதடவென்று சத்தம். பெரியம்மா பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஏற, மேஸ்திரி முன்னால் ஓடி வந்து செருப்பை ஒரு பக்கம் எறிந்தாள், அவர் வயிற்றில் முகத்தை முட்டிக்கொண்டாள்.

"அப்பா, பசிக்குது. என்ன இருக்கு?"

கை உடைந்த நாளிலிருந்து, உங்களுக்குப் பசிக்குதா, வாண்டுக்குப் பசிக்குதா என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். தனக்குப் பசிக்கிறது என்று ஒரு தடவைகூட அவள் சொன்னதில்லை என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"உக்காரு," என்றார். "எந்திரிக்கக் கூடாது. நான் போடுறேன்."

கரண்டியைக் கட்டுக்குள் செருகிக்கொண்டு பாத்திரத்திலிருந்து அள்ளிப் போட்டார். கொஞ்சம் தட்டில் விழுந்தது, கொஞ்சம் மேசையில் விழுந்தது. மேஸ்திரி மேசையைத் துடைக்க எழுந்திருக்கவில்லை. காலை ஆட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று தட்டை நீட்டினாள்.