நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய்

அண்ணை அந்தக் காரை வாங்கியது 2009 ஏப்ரலில். போர் உச்சத்தில் இருந்த வன்னியில் சின்னம்மா குடும்பம் உயிரோடு இருக்கிறதா என்றுகூடத் தெரியாமல் நாங்கள் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. லண்டன் ஸ்ட்ரெதமில் என் வீட்டு வாசலில் அந்த நீளமான கருநீல அமெரிக்க வண்டி உறுமிக்கொண்டு வந்து நின்றபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்த நேரத்தில இது தேவையோ அண்ணை?"

அவர் பொனட்டைத் திறந்து காட்டினார்.

லண்டனுக்கு வருமுன் அவர் பல வருடங்கள் ஜெர்மனியில் இருந்தவர். முதலில் அகதி முகாம், பிறகு கராஜ் வேலை. முகாமுக்குப் பக்கத்தில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள், கப்பலில் கொண்டுவந்த இப்படியான கார்களை ஓட்டித் திரிவார்களாம். மசில் கார். அறுபதுகளில் அமெரிக்காவில் சாதாரண நடுத்தரக் காருக்குள் பென்னம்பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சினைத் தூக்கி வைத்து, ஆலைத் தொழிலாளியும் வாங்கக்கூடிய விலைக்கு விற்றார்கள். ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னல்வரை நேராகப் பறப்பதுதான் அதன் வேலை. எழுபதுகளில் இன்சூரன்சும் புகைச் சட்டங்களும் பெட்ரோல் தட்டுப்பாடும் சேர்ந்து அந்தக் கொண்டாட்டத்தை முடித்துவைத்தன.

எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் அண்ணை மெதுவாகச் சொன்னார்: "இதின்ர சத்தத்துக்குள்ள இருக்கேக்க எனக்கு வேற ஒண்டும் கேக்காது தங்கச்சி."

அதற்குப் பிறகு நான் சண்டை பிடிக்கவில்லை.

ஜூனில் ஒரு ஞாயிறு காலை, சின்னம்மா ஆட்களின் பெயருக்கு அர்ச்சனை செய்ய லூயிஷாம் கோயிலுக்குப் புறப்பட்டோம். அமெரிக்க வண்டி என்பதால் ஸ்டியரிங் இடப்பக்கம். நான் வலப்பக்கம், நடுவீதியை ஒட்டி இருந்தேன். முன்னால் பெரிய வாகனம் ஏதும் மறைத்தால், எதிரே வருவதை நான்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஃபாரஸ்ட் ஹில் பக்கம் இறங்கும் செங்குத்தான வீதியில் அண்ணையின் கால் பிரேக்கில் ஒருமுறை அமர்ந்தது. பிறகு இன்னொருமுறை. மூன்றாம் முறை பெடல் தரையில் இடிக்கும் சத்தம் கேட்டது.

"பிரேக் இல்லை," என்றார்.

கியரை ஆகக் கீழே இழுத்துப் போட்டார். எஞ்சின் அலறியது. தனிக் கம்பியில் இயங்கும் பார்க்கிங் பிரேக்கை இடது காலால் மிதித்தார். பின்சக்கரங்கள் கிரீச்சிட, எரிந்த வாடை உள்ளே வந்தது. வேகம் குறைந்தது, ஆனால் வண்டி நிற்கவில்லை. முன்னால் இடது ஓரத்தில் ஒரு லொறி. அதன் பின்கதவடியில் இரண்டு பேர் சோபா ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எதிரில என்ன வருது? சொல்லு!"

தலையை வெளியே நீட்டினேன். சிவப்பு பஸ் ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது. லொறியைத் தாண்ட இடம் காணுமா என்று எனக்கு மட்டிட முடியவில்லை. சோபாவைப் பிடித்திருந்தவர்களில் ஒருவர் திரும்பி எங்களைப் பார்த்தார்.

"பஸ் வருது அண்ணை... போங்கோ! இப்பவே போங்கோ!"

அவர் ஸ்டியரிங்கை வலப்பக்கம் வெட்டினார். நான் தலையை உள்ளே இழுத்தேன். பஸ் சாரதியின் திறந்த வாய் எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போனது. என் பக்கத்துப் பின்பார்வைக் கண்ணாடி பஸ்ஸில் மோதித் தெறித்தது. லொறியைத் தாண்டியதும் இடப்பக்கம் மேலேறும் ஒரு கிளைவீதி. அதற்குள் திருப்பினார். முன்சக்கரம் நடைபாதையில் ஏறி இறங்க, கார் ஏற்றத்தில் இளைத்து இளைத்து நின்றது.

எஞ்சினை நிறுத்திவிட்டு அண்ணை ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்தார்.

"அங்க அவையளும் போய், இஞ்ச உன்னையும் நானே..." ஏப்ரலிலிருந்து அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"அவையள் போகேல்லை அண்ணை. நானும் போகேல்லை," என்றேன். முதல் வசனம் உண்மையா என்று எனக்குத் தெரியாது.

ஜூலையில் தகவல் வந்தது. சின்னம்மாவும் இரண்டு பிள்ளைகளும், போரில் தப்பியவர்களை அடைத்துவைத்திருந்த முகாமில் இருந்தார்கள். சித்தப்பாவின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

காரை விற்கச் சொல்வேன் என்று அண்ணை எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் கேட்டது, ஏன் நான்கு பிரேக்கும் ஒரேயடியாகப் போயின என்று. அந்தக் காலத்து வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் ஒரே வழியால்தான் போகும் என்றார். துருப்பிடித்த குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை. முன்னுக்கும் பின்னுக்கும் குழாயைத் தனித்தனியாகப் பிரித்து மாற்றிக்கொண்டிருந்தார். குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றப் பெடலை மிதிக்க ஓர் ஆள் வேண்டும். நான் சாரதி ஆசனத்தில் ஏறி இருந்தேன்.

"அமத்து," என்றார் கீழே கிடந்தபடி. "பிடி. விடு."

பெடல் கல்லுப்போல இறுகும்வரை மிதித்தேன்.