டிரம்ஸை விட்டு இறங்கிய அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. உறவினர் பலருக்கு அவரைத் தியாகராய நகர் ஜவுளிக்கடை முதலாளியாகத்தான் தெரியும். தங்கையாகிய நான் மற்றதையும் எழுதக் கடமைப்பட்டவள்.

திருநெல்வேலிப் பக்கம் பிறந்த அண்ணன் ஐந்து வயதில் பெற்றோருடன் சென்னை வந்தார். கல்லூரி நாட்களில் மூன்று நண்பர்களுடன் ராக் இசைக்குழு தொடங்கி, ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு கார் ஷெட்டில் டிரம்ஸ் பழகினார். நான்கே ஆண்டுகளில் அவர் பெயரைச் சொன்னால் அரங்கு நிறைந்தது. பத்திரிகையில் படம் வந்தது. பம்பாயிலிருந்து இசைத்தட்டுப் பதிவுக்கு அழைப்பு வந்து, ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

அந்த வாரம்தான் என்னைப் பெண் பார்த்தவர்கள் நிச்சயம் பேச வந்தார்கள்.

"பொண்ணோட அண்ணன் ஓட்டல்ல கொட்டு அடிக்காராம்லா? அத நிறுத்தினாத்தான் தாம்பூலம் மாத்துவோம்" என்றார் அவர்களில் மூத்தவர்.

அப்பா அண்ணனைப் பார்த்தார்.

"நிறுத்திட்டேன்னு சொல்லிருங்கப்பா" என்றார் அண்ணன்.

இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது.

ரயில் புறப்படும் நாளில், குழுவில் கிட்டார் வாசிக்கும் நண்பர் அப்பாவின் ஜவுளிக்கடைக்கே வந்துவிட்டார்.

"இன்னா மச்சி, இன்னும் துணி கிழிச்சிக்கினு கீறே? டாக்ஸி நிக்குது, வா."

"கடைல ஆள் இல்லடா."

"இங்க என்னிக்குமே ஆள் இருக்காது. இப்ப வரலைன்னா அவ்ளோதான்டா."

அண்ணன் எதிரே நின்ற அம்மாளுக்கு ஜாக்கெட் துணி அளந்து கொடுத்தார். நிமிரவில்லை.

என் கல்யாணம் முடிந்ததும் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்றிருந்தார். அடுத்த மாதமே அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். குழு வேறு டிரம்மரைச் சேர்த்துக்கொண்டது. அதன் பின் அலமாரிக்கும் மேசைக்கும் நடுவிலேயே அவருடைய ஆண்டுகள் போயின. "நீங்கதானே அந்த டிரம்மர்?" என்று யாராவது கேட்டால், "அது வேற ஆளுங்க" என்பார். ஒருமுறை நான் அருகில் இருந்தேன். நான் அழுதுவிடுவேனோ என்று அவசரமாக எனக்குச் சேலை பிரித்துக் காட்டத் தொடங்கினார்.

அண்ணன் கடைசியாக மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோது கேட்டேன். "என்னாலதானேண்ணே எல்லாம் போச்சு?"

"இல்லம்மா. பம்பாய் போக எனக்கே பயமா இருந்துச்சு."

ஆயிரம் பேர் முன்னால் அஞ்சாதவர். நான் நம்பவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

மருத்துவமனையில் மாறி மாறித் துணையிருந்த கடை ஊழியர்களுக்கும், பம்பாயிலிருந்து ஓடி வந்து தோள் கொடுத்த அந்தக் கிட்டார் நண்பருக்கும், ஒளிக்காமல் எழுது என்ற என் கணவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த நினைவு மலரின் அட்டையில் அண்ணன் கடையில் இருக்கும் படம்தான் மரியாதை என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நண்பர் வைத்திருந்த படத்தையே அச்சகத்தில் கொடுத்தேன். சட்டை வியர்வையில் ஒட்டியிருக்க, குச்சிகளை உயர்த்திக்கொண்டு அண்ணன் சிரிக்கிறார்.